தேவனோட பிள்ளைன்னு தெரியும், ஆனா உள்ளுக்குள்ள வேலைக்காரன் மாதிரியே இருக்கேன்

கேள்வி, பிப்ரவரி 3

அண்ணா, சின்ன வயசுலேருந்து சபைலதான் வளர்ந்தேன். ரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன், இப்ப வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளி, ஆராதனை டீம்னு எல்லாத்துலயும் இருக்கேன். "நீ ஆண்டவருடைய பிள்ளை, அவருக்குப் பிரியமானவன்"னு கேட்டா தலையாட்டுவேன், நானே பசங்களுக்கு சொல்லியும் கொடுக்கிறேன். ஆனா ஒரு வாரம் ஜெபம் குறைஞ்சா போதும், அவர் என்மேல கோவமா இருக்கார்னு தோணுது. நல்லா ஊழியம் பண்ணின அன்னிக்கு மட்டும் நிம்மதியா தூங்குறேன். இது எனக்கு மட்டும்தானா?

பிப்ரவரி 3, ராத்திரி

உனக்கு மட்டும் இல்ல தம்பி. ஊழியத்துல இருக்கிற பாதிப்பேர் இப்படித்தான் இருக்காங்கன்னு நான் நினைக்கிறேன், வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான்.

மத்தேயு 3 கடைசி வசனத்துலேருந்து ஆரம்பிப்போம், இயேசு ஞானஸ்நானம் எடுத்ததும் வானத்துலேருந்து வந்த சத்தம். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்." இந்தச் சத்தம் வந்தப்ப மத்தேயுல ஒரு பிரசங்கம் நடக்கல, ஒரு வியாதியஸ்தன் எழும்பல, ஒரு சீஷனைக்கூட கூப்பிடல. லூக்கா அவருக்கு அப்ப ஏறக்குறைய 30 வயசுன்னு எழுதுறார். அந்த 30 வருஷத்துல நமக்குத் தெரிஞ்சது பிறப்பு, எகிப்துக்குப் போனது, 12 வயசுல தேவாலயத்துல உட்கார்ந்து கேள்வி கேட்டது, அப்புறம் தச்சு வேலை. பிதா அதைப் பார்த்துத்தான் பிரியமா இருக்கேன்னு சொன்னார். இதை நீ நூறு பிரசங்கத்துல கேட்டிருப்ப, அதனால இதோட விடுறேன். அடுத்த அதிகாரத்தைக் கவனி. வனாந்தரத்துல பசியோட இருக்கிற இயேசுகிட்ட "நீர் தேவனுடைய குமாரனேயானால்"னு பிசாசு ஆரம்பிக்கிறான். நிரூபிச்சுக் காட்டு, கல்லை அப்பமாக்குன்னு கேட்கிறான். உன் மனசுல ராத்திரி ஓடுற குரலும் இதே ஜாடைலதான் பேசுது பாரு. "நீ பிள்ளைன்னா ஏன் ஜெபிக்கல, நீ பிள்ளைன்னா ஏன் அந்தக் கோவம் வந்துச்சு."

பிப்ரவரி 4

காலைல உபாகமம் 8 எடுத்துப் பார்த்தேன், ஏன்னா இயேசு பதில் சொன்னது அங்கேருந்துதான், "மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல"ங்கிறது 8:3. ரெண்டு வசனம் தள்ளி 8:5-ல என்ன இருக்கு தெரியுமா? ஒருத்தன் தன் மகனைச் சிட்சிக்கிற மாதிரி உன் தேவனாகிய கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார்னு இருக்கு. அதாவது பசியில இருந்தவர் எடுத்துப் பிடிச்ச வசனமே ஒரு அப்பாவும் பிள்ளையும் வனாந்தரத்துல நடந்த கதைக்குள்ள இருக்கிற வசனம். பசி வந்துடுச்சுங்கிறதால பிதாவோட அன்பு போயிடுச்சுன்னு அவர் கணக்குப் போடல. குமாரன்னு நிரூபிக்கவும் போகல. கல் கல்லாவே கிடந்துச்சு.

இன்னொண்ணு. இந்தக் குரல் அங்கயே நிக்கல. மத்தேயு 27:40-ல சிலுவை பக்கம் போறவங்க "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா"ங்கிறாங்க. அப்பவும் அவர் இறங்கல. ஆரம்பத்துலயும் கடைசிலயும் அதே சவால், ரெண்டு தடவையும் அவர் செஞ்சு காட்ட மறுத்துட்டார்.

பிப்ரவரி 6

உனக்கு பதில் எழுதினதுலேருந்து என் விஷயமும் மனசுல ஓடிட்டே இருக்கு, அதையும் சொல்லிடுறேன். நான் ரொம்ப வருஷம் ஆராதனை நடத்தினவன். ஒரு சமயம் தொண்டைல கோளாறு வந்து டாக்டர் பாடவே கூடாது, சத்தமா பேசவும் கூடாதுன்னுட்டார். மேடைலேருந்து இறங்கி கடைசி பெஞ்சுக்குப் போனேன். சபை பாடுது, நான் வாய மூடிட்டு நிக்கிறேன். கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னே தெரியல, கிடார் பிடிச்சுப் பழகின கை. சனிக்கிழமை ராத்திரி வாட்ஸாப்ல மறுநாள் யார் யாருக்கு என்ன பொறுப்புன்னு லிஸ்ட் வரும், அதுல என் பேர் இல்ல. அதைத் திரும்பத் திரும்ப மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்துட்டு இருப்பேன்.

அப்பதான் ஒண்ணு பிடிபட்டுச்சு. நான் ஆண்டவர்கிட்ட பேசினதெல்லாம் வேலை விஷயமாவே இருந்துருக்கு. இந்த ஞாயிறு என்ன பாட்டு, அபிஷேகம் தாங்க, சத்தத்தைக் காத்துக்கங்க, ஜனங்களைத் தொடுங்க. வேலை போனதும் அவர்கிட்ட பேச எனக்கு ஒரு வார்த்தை இல்ல. உட்காருவேன், அமைதியா இருக்கும், எந்திரிச்சுடுவேன்.

பக்கத்துல ஒரு வயசான அம்மா உட்காருவாங்க. நான் பாடாம நிக்கிறதைப் பார்த்துட்டு ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல, கீர்த்தனைப் புத்தகத்தை எனக்குப் பாதி நகர்த்தி வச்சு, பாடுற வரிக்குக் கீழ விரலை வச்சுட்டே வருவாங்க. வாரா வாரம். எனக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம், அது அவங்களுக்குத் தெரியாது. அந்த விரலைப் பார்த்துட்டே நின்ன நாட்கள்லதான், ஒண்ணுமே கொடுக்க முடியாதவனா அவர் முன்னாடி நிக்கலாம்ங்கிறது எனக்குள்ள இறங்க ஆரம்பிச்சுது. ஒரே நாள்ல இல்ல. மெதுவாத்தான்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழிச்சு

லூக்கா 15 பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார், "கெட்ட குமாரன் கதைதானே இதுக்கு பதில்"னு. ஆமா, சொத்துல பங்கு வாங்கிட்டுப் போய் அழிச்சுட்டு அப்பாகிட்ட திரும்பி வர்ற இளைய மகனும், வீட்லயே இருந்த மூத்த மகனும் வர்ற கதை. ஆனா நம்ம தம்பியோட கேஸ் இளையவன் இல்ல, மூத்தவன். வயல்லேருந்து வர்றவன். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" அப்படின்னுதான் வாயத் திறக்கிறான். சொந்த வீட்ல வருஷக்கணக்கைச் சொல்றான், ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கணக்குக் கேட்கிறான்.

அதே அதிகாரத்துல 12ஆம் வசனத்தைப் பலபேர் தாண்டிப் போயிடுறோம். இளையவன் பங்கு கேட்டப்ப அப்பா ஆஸ்தியை "அவர்களுக்கு"ப் பங்கிட்டுக் கொடுத்தார்னு இருக்கு. மூத்தவனுக்கும் அன்னிக்கே கிடைச்சாச்சு. உபாகமம் 21:17 படி மூத்தவனுக்கு ரெண்டு பங்கு. அப்ப வீட்ல மிச்சம் இருக்கிற ஆடு மாடு எல்லாம் யாரோடது? அதான் அப்பா சொல்றார், "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." அவன் கேட்டது ஒரு குட்டி, அவன் பேர்ல இருந்தது மந்தை.

இளையவனும் பாருங்க, வேலைக்காரனா சேர்த்துக்கங்கன்னு சொல்லத்தான் வந்தான். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வர்றான், 19ஆம் வசனத்துல முழு டயலாக்கும் இருக்கு. 21ஆம் வசனத்துல அப்பா முன்னாடி சொல்றப்ப "கூலிக்காரரில் ஒருவனாக"ங்கிற பகுதி மட்டும் வரவே இல்ல. அதுக்குள்ள அப்பா வஸ்திரம் கொண்டுவாங்க, மோதிரம் போடுங்கன்னு ஆளுங்ககிட்ட பேச ஆரம்பிச்சுட்டார். எனக்கு இந்த இடம் வாசிக்கிறப்பல்லாம் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். ஆக ரெண்டு மகனும் கூலிக்காரன் கணக்குலதான் யோசிச்சிருக்காங்க. ஒருத்தன் கூலிக்கு வேலை கேட்டு வந்தான், இன்னொருத்தன் கூலி பாக்கி கேட்டு வெளிய நின்னான். அப்பா ரெண்டு பேருக்காகவும் வீட்டை விட்டு இறங்கி வெளிய வந்தார்.

பிப்ரவரி 9

"இப்படிப் போதிச்சா ஜனங்க சோம்பேறியாயிடுவாங்க, பரிசுத்தம் குறைஞ்சிடும்"னு ஒரு ஐயா எழுதியிருக்கார். அவர் அக்கறை நியாயமானதுதான். இருந்தாலும் ஐயா, யோவான் 13 பாருங்க. பிதா எல்லாத்தையும் தம் கையில கொடுத்தார், தாம் தேவன்கிட்டேருந்து வந்தார், தேவன்கிட்டயே போறார்னு அறிஞ்சு, அப்புறம்தான் எந்திரிச்சு சீலையைக் கட்டிட்டு கால் கழுவுறார். யாருன்னு தெரிஞ்சவர்தான் குனிஞ்சார். மேல் வீட்டறைல இருந்த மத்தவங்க யாருக்கும் குனிய மனசு வரல, அன்னிக்கு ராத்திரி அவங்களுக்குள்ள யார் பெரியவன்னு வாக்குவாதம் வந்துச்சுன்னு லூக்கா 22 சொல்லுது. தன் இடம் எதுன்னு நிச்சயம் இல்லாதவனுக்குக் குனியறது கஷ்டம்.

பவுலும் "நான் இருக்கிறது தேவகிருபையினாலே"ன்னு சொன்ன அதே மூச்சுல எல்லாரையும்விட அதிகமா பிரயாசப்பட்டேன்கிறார். எபேசியர் 5:1-ம் பிரியமான பிள்ளைகளைப் போல தேவனைப் பின்பற்றுங்கன்னுதான் சொல்லுது. பின்பற்றினா பிரியமான பிள்ளையாவீங்கன்னு இல்ல. என் அனுபவத்துல பயத்துல செஞ்ச ஊழியம் ரொம்ப நாள் நிக்கல, யாராவது பாராட்டாம போனா கசப்பாயிடும்.

பிப்ரவரி 10

சின்னதா ஒண்ணு. இயேசு ஊழியத்துக்கு அனுப்பின 70 பேர் சந்தோஷமா திரும்பி வந்து பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படியுதுன்னப்ப, இயேசு அதுக்காக சந்தோஷப்படாதீங்க, உங்க பேர் பரலோகத்துல எழுதியிருக்கிறதுக்காக சந்தோஷப்படுங்கன்னார். லூக்கா 10:20. ஊழியம் நல்லா நடந்த அன்னிக்குத்தான் இந்த வசனம் எனக்குத் தேவைப்படுது, தோத்த அன்னிக்கு இல்ல.

பிப்ரவரி 12

ஒரு சகோதரி தனியா எழுதினாங்க, அனுமதி கேட்டுட்டுத்தான் இங்க தொடுறேன். "பிதான்னு சொன்னாலே எங்கப்பா முகம்தான் வருது, அவர் அடிச்சது வருது, எனக்கு எப்படி இது ஆறுதலாகும்"னு கேட்டாங்க.

அக்கா, உங்களை அவசரப்படுத்துற எதையும் நான் சொல்லப் போறதில்ல. பிதாங்கிற பேர்லேருந்து ஆரம்பிக்க முடியலன்னா இயேசுகிட்டேருந்து ஆரம்பிங்க, "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்"னு அவரே சொல்லியிருக்கார். மாற்கு 5-ல 12 வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது ரத்தப்போக்கு நிக்காத, ஸ்திரீ. லேவியராகமம் 15 படி அவங்க தொட்டதெல்லாம் தீட்டு, அவங்க உட்கார்ந்த இடம் தீட்டு. அதனாலதான் பின்னாடி வந்து யாருக்கும் தெரியாம வஸ்திரத்தைத் தொட்டாங்க. சுகமும் ஆயிடுச்சு. இயேசு அப்படியே போயிருக்கலாம், யவீருவோட பொண்ணு சாகக் கிடக்கிறா, அவசரம். ஆனா நின்னார். அவங்க நடுங்கிட்டே வந்து விழுந்து நடந்ததெல்லாம் சொல்ற வரைக்கும் கேட்டார். அப்புறம் அவர் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை "மகளே". நாலு சுவிசேஷத்துலயும் ஒரு தனிப்பட்ட பெண்ணை அவர் நேரா மகளேன்னு கூப்பிட்டது இவங்களை மட்டும்தான். தீட்டுன்னு எல்லாரும் ஒதுக்கின ஆளை, கூட்டத்துக்கு நடுவுல, எல்லார் காதும் கேட்க.

ஏசாயாவும் ரெண்டு இடத்துல தாயோட பேச்சை எடுக்கிறார், 49:15-லயும் 66:13-லயும். 49-ல "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை"ன்னு இருக்கு. பெத்தவங்களே மறக்கலாம், விடலாம்னு வேதம் ஒத்துக்குது அக்கா. சங்கீதம் 27:10-ம் அதேதான். உங்க வீட்ல நடந்ததை இல்லன்னு சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. முடிஞ்சா நம்பிக்கையான ஒரு ஆலோசகர்கிட்டயும் பேசுங்க, அதுவும் ஆண்டவர் கொடுக்கிற உதவிதான்.

பிப்ரவரி 15

சுவிகாரம், அதாவது தத்தெடுக்கிறது பத்தி. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

பவுல் ரோமருக்கு எழுதினது பொதுவா கி.பி. 57 வாக்குலன்னு சொல்றாங்க. அப்ப ராயனா, அதாவது ரோமப் பேரரசனா இருந்தவன் நீரோ. அவன் கிலவுதியு ராயனோட சொந்த மகன் இல்ல, கி.பி. 50-ல சுவிகாரம் எடுக்கப்பட்டவன். கிலவுதியுவுக்கு பிரித்தானிக்குஸ்னு சொந்த மகன் இருந்தான், இருந்தும் சிங்காசனம் ஏறினது சுவிகார மகன். அதுக்கு முன்னாடி அகுஸ்துவும் ஜூலியஸ் சீசரோட உயில் மூலமா சுவிகார மகனானவர்தான். ஆக ரோம் சபைல அந்த நிருபத்தை ஒருத்தர் சத்தமா வாசிக்க, அடிமைகளும் விடுதலையானவங்களும் உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கிறப்ப, "புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்"னு வந்தா அவங்களுக்கு அது பரிதாபப்பட்டு வீட்ல இடம் கொடுக்கிறதாத் தெரிஞ்சிருக்காது. ஊரையே ஆளுறவன் அந்த வழியா வந்தவன்தான். ரோமச் சட்டத்துல சுவிகாரம் எடுத்தா பழைய குடும்பத்தோட அதிகாரம் முடிஞ்சுது, புது அப்பாவோட பேரு, புது அப்பாவோட சொத்துல முழு உரிமை. ரெண்டாம்தர பிள்ளைன்னு ஒண்ணு கிடையாது.

நீரோ பின்னாடி என்ன ஆனான்னு எல்லாருக்கும் தெரியும், அவனை நான் உதாரணமா காட்டல. சட்டம் எப்படி இருந்துச்சுங்கிறதுதான் விஷயம். சுவிகாரத்துல தேர்ந்தெடுக்கிறது அப்பா. பிள்ளை பரீட்சை எழுதி ஜெயிக்கிறதில்ல. எபேசியர் 1:5 இதை "தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படியே"ங்குது.

பிப்ரவரி 15, திரும்பவும்

மேல எழுதினதை வாசிச்சுட்டு ஒருத்தர், "அப்ப நான் ராஜாவோட பிள்ளை, எனக்குக் குறை வராது, வியாதி வராது"ன்னு உற்சாகமா எழுதியிருக்கார். இல்லைங்க. ரோமர் 8:17-ஐ முழுசா வாசிங்க, உடன் சுதந்தரர், அதாவது கூட்டு வாரிசுன்னு சொல்லிட்டு அவரோடகூடப் பாடுபட்டால்னும் சொல்லுது. "அப்பா பிதாவே"ன்னு இயேசு கூப்பிட்டதா சுவிசேஷத்துல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, மாற்கு 14:36, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல, இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போற பாட்டை, என்னைவிட்டு எடுத்துடுங்கன்னு கேட்டப்ப. அந்தப் பாத்திரம் நீங்கல. நேசகுமாரனுக்கே நீங்கல. பாடு வந்தா நீ பிள்ளை இல்லன்னு சொல்றதும், நீ பிள்ளைன்னா பாடே வராதுன்னு சொல்றதும் ரெண்டும் ஒரே வேர்தான், வனாந்தரத்துல கேட்ட அந்த "குமாரனேயானால்".

பிப்ரவரி 18

தம்பி மறுபடி எழுதியிருக்கான், "எல்லாம் புரியுது அண்ணா, ஆனா ஃபீல் ஆகல"ன்னு.

முதல்ல உணர்வு பெருசில்ல, வசனம் போதும்னு எழுத வந்தேன். யோசிச்சுப் பார்த்தா அது பாதிதான் சரி. ரோமர் 5:5 தேவ அன்பு இருதயத்துல ஊற்றப்பட்டிருக்குன்னு சொல்லுது, 8:16-ல ஆவியானவரே சாட்சி கொடுக்கிறார்னு இருக்கு. ஆக உணர எதிர்பார்க்கிறது தப்பில்ல, கேட்கணும். ஆனா இன்னிக்கு உணராததால உண்மை மாறலங்கிறதையும் சேர்த்துப் பிடிக்கணும். 1 யோவான் 3:20 இதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு, நம்ம இருதயமே நம்மைக் குற்றவாளியா தீர்த்தாலும் தேவன் நம்ம இருதயத்தைவிடப் பெரியவர்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல எழுதின பெரிய ஞானோபதேசம்ங்கிற விசுவாசப் பாடநூல்ல ஞானஸ்நானம் பத்தி சொல்றப்ப, பாவமும் மனசாட்சியும் நெருக்குறப்ப நான் ஞானஸ்நானம் பெற்றவன்னு அதுக்கு பதில் சொல்லணும்கிறார். அவர் கைகாட்டினது மனநிலையை இல்ல, நடந்து முடிஞ்ச ஒரு காரியத்தை.

மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி கதையும் உனக்குப் பொருந்தும். 1728-ல குருவானவரா அபிஷேகம், 1735-ல கப்பலேறி ஜார்ஜியாவுக்கு மிஷனரி, உபவாசம் ஜெபம் தர்மம்னு கடுமையான ஒழுங்கு. 1738 மே 24 லண்டன்ல ஒரு கூட்டத்துல ரோமர் நிருபத்துக்கான லூத்தரோட முன்னுரையை வாசிக்கக் கேட்டுட்டு இருந்தப்ப இருதயம் அனலானதா டைரில எழுதினார். பல வருஷம் கழிச்சு அந்தப் பழைய நாட்களைத் திரும்பிப் பார்த்து, அப்ப எனக்கு வேலைக்காரனோட விசுவாசம் இருந்துச்சு, மகனோட விசுவாசம் இல்லன்னு குறிப்பு சேர்த்தார். எனக்கு அதுல பிடிச்சது, வேலைக்காரனோட விசுவாசத்தை அவர் பொய்னு தூக்கிப் போடல. நீயும் இவ்வளவு நாள் பண்ணினதையெல்லாம் வீண்னு நினைக்காதே.

பிப்ரவரி 19

மேவிபோசேத்தை யாரும் ஞாபகப்படுத்தலையே. 2 சாமுவேல் 9. அஞ்சு வயசுல தாதி தூக்கிட்டு ஓடுறப்ப விழுந்து ரெண்டு காலும் முடமானவன், சவுலோட பேரன். தாவீது ஆள் அனுப்பிக் கூப்பிடுறான். பழைய ராஜா வம்சத்தைப் புது ராஜா கூப்பிட்டா எதுக்குன்னு அந்தக் காலத்துல யாருக்கும் தெரியும், அதான் வந்ததும் முகங்குப்புற விழுறான், தன்னைச் செத்த நாய்ங்கிறான். தாவீது "பயப்படாதே"ன்னுட்டு காரணம் சொல்றான், "யோனத்தான்நிமித்தம்". யோனத்தான் இவனோட அப்பா, தாவீதோட உயிர் நண்பன். மேவிபோசேத் எதையும் செஞ்சதுக்காக இல்ல, வேறொருத்தர்மேல இருந்த அன்புக்காக. அப்புறம் ராஜாவோட பிள்ளைகள்ல ஒருத்தனைப் போல தினமும் பந்தி. அதிகாரம் முடியுறப்ப எழுதினவர் ஒரு வரி சேர்க்கிறார், அவனுக்கு ரெண்டு காலும் முடமாயிருந்துச்சுன்னு. கால் சரியாகல. பந்தில உட்கார்ந்தா மேசைக்குக் கீழ இருக்கிறது யாருக்கும் தெரியாது, எந்திரிச்சா தெரியும். யாராவது தூக்கித்தான் கொண்டு வந்திருக்கணும், ஒவ்வொரு வேளையும். நம்ம பலவீனம் போனபிறகுதான் பந்தின்னு யார் சொன்னா?

பிப்ரவரி 22

தம்பியோட கடைசிக் கேள்வி, "ப்ராக்டிகலா என்ன பண்ணட்டும்?"

ரெண்டு காரியம் சொல்றேன். ஒண்ணு, காலைல ஜெபத்துக்கு உட்கார்ந்ததும் மன்னிப்பு லிஸ்ட்டையோ விண்ணப்ப லிஸ்ட்டையோ எடுக்காதே. சீஷர்கள்ல ஒருத்தன் கேட்டப்ப இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம் பிதாவேன்னுதான் ஆரம்பிக்குது, மன்னிப்பு அதுக்கு அப்புறம் வருது, அப்பத்துக்கும் அப்புறம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இரு. மனசு அலைபாயும், பரவால்ல, திரும்ப வா. செப்பனியா 3:17-ஐ மெதுவா வாசி, அவர் உன்பேரில் சந்தோஷமாய் மகிழ்றார், கெம்பீரமாய்க் களிகூருறார்னு அங்க இருக்கு. அப்புறம் லிஸ்ட்டை எடு.

ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம். வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளி, ஆராதனை டீம் மூணுல எதை விட்டா உனக்கு ரொம்பப் பதறுதோ அதைக் கொஞ்ச காலத்துக்கு இன்னொருத்தர்கிட்ட கொடுத்துடு. கோவிச்சுட்டு இல்ல, பாஸ்டர்கிட்ட நேரா உட்கார்ந்து காரணத்தைச் சொல்லிட்டு, உனக்குப் பதிலா வர்றவனுக்குக் கூட இருந்து கத்துக்கொடுத்துட்டு. அந்த ஞாயித்துக்கிழமைகள்ல சபைக்கு வா, உட்காரு, திருவிருந்து எடு, வீட்டுக்குப் போ. முதல் சில வாரம் என்னவோ திருடினவன் மாதிரி இருக்கும். அப்ப என்ன தோணுதுன்னு இங்க வந்து எழுது, சேர்ந்து ஜெபிப்போம்.